பக்கத்துச் சபையில் உட்காரும்போது: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் கணவர் கத்தோலிக்கர். நான் சீர்திருத்த சபையில் வளர்ந்தவள். திருப்பலியில் கர்த்தருடைய ஜெபம் சொல்லும்போது, ‘தீமையிலிருந்து’ என்ற வரியோடு எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். நான் மட்டும் ‘ராஜ்யமும் வல்லமையும்’ என்று தொடர்ந்துவிட்டுத் தலைகுனிகிறேன். கடைசி வரியை எடுத்துவிட்டது யார்?

பதில்: யாரும் எடுக்கவில்லை, சகோதரி. இந்த ஜெபம் மத்தேயு 6:9–13-இலும் லூக்கா 11:2–4-இலும் இருக்கிறது. லூக்காவில் அந்த முடிவு கிடையாது. மத்தேயுவிலும், 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கிரேக்கப் பிரதிகளில் அது இல்லை. பிற்காலப் பிரதிகள் பெரும்பாலானவற்றில் உண்டு. லத்தீன் வேதாகமத்தில் அது இடம்பெறாததால் மேற்கத்திய வழிபாடு அது இல்லாமலே வளர்ந்தது. சீர்திருத்த காலத்து மொழிபெயர்ப்புகள் அது உள்ள கிரேக்கப் பிரதிகளைப் பின்பற்றியதால் உங்கள் சபைக்கு அது வந்து சேர்ந்தது.

அதற்காகப் புதிதாக முளைத்த வரி என்று நினைத்துவிடாதீர்கள். ‘டிடாக்கே’ என்ற ஆதித் திருச்சபைக் கையேட்டிலேயே இந்த ஜெபம் ‘வல்லமையும் மகிமையும் என்றென்றைக்கும் உம்முடையவை’ என்ற பொருளில்தான் முடிகிறது. ‘ராஜ்யம்’ மட்டும் அதில் இல்லை. 1 நாளாகமம் 29:11-இல் தாவீது செய்யும் துதியோடு ஒப்பிட்டு வாசித்தால் இதன் வேர் புரியும்.

இனி நடைமுறை. திருப்பலியிலும் நீங்கள் அந்த வரியைச் சொல்லலாம். கொஞ்சம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். ‘தீமையிலிருந்து’ வரி முடிந்ததும் குருவானவர் அதன் தொடர்ச்சியாக ஒரு சிறு ஜெபம் சொல்வார். அது முடிந்த உடனே மக்கள் எல்லோரும் சேர்ந்து அதே துதியைச் சொல்வார்கள். ஆர்த்தடாக்ஸ் வழிபாட்டில், கிரேக்க, ரஷ்யச் சபைகள் போன்றவை பின்பற்றும் பைசாந்திய முறையில், அதைக் குருவானவர் மட்டுமே சொல்வார். அங்கே நீங்கள் ‘ஆமென்’ சொன்னால் போதும்.

‘கடன்கள்’, ‘குற்றங்கள்’, ‘பாவங்கள்’ என்று சபைக்குச் சபை வார்த்தை மாறுவதையும் கவனித்திருப்பீர்கள். கிரேக்க மத்தேயுவில் ‘கடன்’, லூக்காவில் ‘பாவம்’. எந்த வார்த்தையைச் சொன்னாலும் வேதத்துக்குள்தான் நிற்கிறீர்கள்.

கேள்வி: நண்பரின் திருமணம் வேறு சபையில் நடக்கிறது, ஆராதனையில் திருவிருந்தும் உண்டு. எழுந்து போவதா, இருக்கையிலேயே இருப்பதா? இன்னொன்று: எனக்கு சீலியாக் நோய் இருப்பதால் கோதுமை அறவே கூடாது.

பதில்: இதற்கு ஒரே விதி கிடையாது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிடேரியன் சபைகளில், ஞானஸ்நானம் பெற்று, தன் சொந்தச் சபையில் திருவிருந்தில் பங்கெடுக்கும் எவரையும் பொதுவாக அழைப்பார்கள். லுத்தரன் சபைகள் இரு வகை: சில எல்லோருக்கும் திறந்தவை, சில தங்கள் அறிக்கையை ஏற்றவர்களுக்கு மட்டும். சில பாப்டிஸ்ட் சபைகள் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கே கொடுக்கும். சில சகோதர சபைகளில், சொந்தச் சபை மூப்பர்கள் எழுதிய கடிதத்தோடு போக வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபை, மரண ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள் தவிர, மற்ற சபையாருக்கு நற்கருணை (திருவிருந்துக்கு அங்கே வழங்கும் பெயர்) வழங்குவதில்லை. ஆர்த்தடாக்ஸ் சபைகள், தங்கள் உறுப்பினரிலும் உபவாசத்தோடு ஆயத்தமாகி வந்தவர்களுக்கே கொடுக்கும். இரட்சணிய சேனையிலும் குவேக்கர் கூட்டங்களிலும் இந்தச் சடங்கே இல்லை.

அதனால் வழிபாடு தொடங்கும் முன்பே அந்தச் சபை ஆயரிடமோ வரவேற்பவரிடமோ கேட்டுவிடுங்கள். வரிசையில் நின்றபின் கேட்டால் இரண்டு பேருக்கும் தர்மசங்கடம். பெறக்கூடாத இடத்தில், இரு கைகளையும் மார்பின் மேல் குறுக்காக வைத்துக்கொண்டு வரிசையில் போனால், பல சபைகளில் ஆசீர்வாதம் மட்டும் தந்து அனுப்புவார்கள். ஆனால் ஆர்த்தடாக்ஸ் கோயிலில் அதைச் செய்யாதீர்கள். அங்கே சில இடங்களில் நற்கருணை பெற வருகிறவரே கைகளை அப்படித்தான் வைத்துக்கொள்வார். வழிபாட்டின் முடிவில், நற்கருணையாக மாற்றப்படாத, ஆசீர்வதிக்கப்பட்ட அப்பத்துண்டுகளைப் பகிர்வார்கள். அதைப் பல இடங்களில் விருந்தினருக்கும் அன்போடு தருவார்கள். இருக்கையிலேயே அமர்ந்து ஜெபிப்பதும் எந்தச் சபையிலும் அவமரியாதை ஆகாது.

சீலியாக் விஷயத்தில் கூச்சப்படவே கூடாது. கத்தோலிக்க நற்கருணை அப்பம் கோதுமையால் ஆனதாகவே இருக்க வேண்டும். அரிசி அப்பம் செல்லாது. ஆனால் குளுட்டன் (கோதுமையில் உள்ள, உங்களுக்கு ஆகாத புரதம்) மிகக் குறைத்த கோதுமை அப்பத்துக்கு அனுமதி உண்டு. அதன் அளவை உறையில் பாருங்கள்: ‘குளுட்டன் இல்லாதது’ என்று சொல்ல உலக அளவில் ஏற்கப்பட்ட வரம்பு, ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம். பெரும்பாலும் தவறு நடப்பது அப்பத்தில் இல்லை, கையாளுவதில். சாதாரண அப்பங்களுக்கு நடுவே வைத்தால் தூள் ஒட்டும். அதைத் தொட்ட விரல்களாலேயே எடுத்துத் தந்தாலும் ஒட்டும். தனிச் சிமிழில் வைத்து, நீங்களே திறந்து எடுத்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

திராட்சரசம் மட்டும் பெறுவதானால் இன்னும் கவனம் தேவை. திருப்பலியில் குருவானவர் அப்பத்தைப் பிட்டு, ஒரு சிறு துண்டைத் தம் முன்னாலிருக்கும் கிண்ணத்தில் இடுவார். அந்தக் கிண்ணம் உங்களுக்கு ஆகாது. மற்றவர்கள் அப்பத்தைத் தோய்த்த கிண்ணமும் ஆகாது. தனிக் கிண்ணம் கேளுங்கள். தனித்தனிச் சிறு கோப்பைகளில் தரும் சபைகளில் இந்தப் பிரச்சினை குறைவு. அங்கே அப்பம் எதனால் ஆனது என்று மட்டும் விசாரித்தால் போதும்.

கேள்வி: அடக்க ஆராதனையில் 22-ஆம் சங்கீதம் வாசிக்கும்படி துண்டுச்சீட்டில் எழுதித் தந்தார்கள். நானும் வாசித்தேன். ‘கர்த்தர் என் மேய்ப்பர்’ வரும் என்று எதிர்பார்த்தவர்கள் ‘ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்று கேட்டுத் திகைத்துப் போனார்கள். தவறு யாருடையது?

பதில்: எண்களுடையது. எபிரேய வேதத்தில் 9, 10 என்று இரண்டாக இருப்பதைக் கிரேக்க மொழிபெயர்ப்பு ஒரே சங்கீதமாகக் கொண்டது. அதிலிருந்து கிரேக்க, லத்தீன் எண்கள் பெரும்பாலும் ஒன்று குறைந்தே போகும். இடையில் 114-ஐயும் 115-ஐயும் சேர்த்து, 116-ஐ இரண்டாகப் பிரித்து, 147-ஐயும் பிரித்ததால், 148-இல் இரண்டு வரிசையும் மறுபடி சேர்ந்துகொள்ளும். முதல் எட்டிலும் கடைசி மூன்றிலும் குழப்பமே வராது. பழைய கத்தோலிக்கப் பதிப்புகளும் ஆர்த்தடாக்ஸ் நூல்களும் கிரேக்க எண்ணைப் பின்பற்றும். இன்றைய கத்தோலிக்க வேதாகமங்கள் பெரும்பாலும் எபிரேய எண்ணையே தருகின்றன. யாருக்காவது வாசகம் எழுதித் தருவதானால், எண்ணோடு முதல் வரியையும் எழுதுங்கள்.

பத்துக் கட்டளைகளிலும் இதே சிக்கல் உண்டு. கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் அந்நிய தேவர்களையும் விக்கிரகத்தையும் பற்றிய கட்டளைகளை ஒன்றாக எண்ணி, இச்சையைப் பற்றியதை இரண்டாகப் பிரிப்பார்கள். மற்றவர்கள் விக்கிரகத்தைத் தனிக் கட்டளையாக எண்ணுவார்கள். அதனால் ‘கொலை செய்யாதிருப்பாயாக’ ஒருவருக்கு ஐந்தாவது, மற்றவருக்கு ஆறாவது.

கேள்வி: குறைப்பிரசவத்தில் பிறந்த பேரக்குழந்தை பிழைக்காது என்று சொன்னபோது, என் மனைவியே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தாள். தேவ கிருபையால் பிள்ளை இப்போது நலம். ‘பாட்டி கொடுத்தது செல்லாது, கோயிலில் மறுபடி கொடுக்க வேண்டும்’ என்கிறார்கள் உறவினர்கள்.

பதில்: ஐயா, உங்கள் மனைவி செய்தது நல்ல காரியம். குழந்தை ஞானஸ்நானம் கொடுக்கும் கத்தோலிக்க, ஆங்கிலிக்கன், லுத்தரன் சபைகள் யாவும், ஆபத்து வேளையில் குருவானவர் இல்லாதபோது சாதாரண விசுவாசி கொடுப்பதை ஏற்கின்றன. கேட்க வேண்டியது மூன்றுதான். தண்ணீரா? அது தோலின் மேல் ஓடியதா? ‘பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே’ என்று (மத்தேயு 28:19), ஊற்றியவரே, ஊற்றும்போதே சொன்னாரா?

மூன்றும் சரி என்றால் மறுபடி கொடுக்கக் கூடாது. கோயிலுக்குக் கொண்டுபோனால், விடுபட்ட சடங்குகளை மட்டும் நிறைவு செய்வார்கள்: சபைக்குள் வரவேற்பு, சபை வழக்கத்தைப் பொறுத்து தைலம் பூசுதல், வெண்ணாடை, மெழுகுவர்த்தி. போகும் முன் ஒரு தாளில் தேதி, நேரம், இடம், குழந்தையின் பெயர், ஊற்றியவர் பெயர், பார்த்தவர் பெயர் ஆகியவற்றை எழுதிக் கையொப்பம் வாங்கிக் கொடுங்கள். பதிவேட்டில் ஏற அதுவே ஆதாரம். இதைத் தள்ளிப்போட்டுவிட்டு, இருபது வருடம் கழித்துத் திருமண வேளையில் சான்றிதழுக்கு அலைகிற குடும்பங்கள் உண்டு.

தவறு நேரும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் ஊற்ற, இன்னொருவர் வார்த்தை சொல்வது. ஈர விரலால் நெற்றியைத் தொட்டுவிட்டு ஊற்றியதாக நினைப்பது. ‘நாங்கள் ஞானஸ்நானம் கொடுக்கிறோம்’ என்று பன்மையில் சொல்வது. இது செல்லாது என்று 2020-இல் வத்திக்கான் தெளிவாக்கியது. சந்தேகம் இருந்தால் ‘நீ இன்னும் ஞானஸ்நானம் பெறாதிருந்தால்’ என்ற நிபந்தனையோடு குருவானவர் கொடுப்பார்.

குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தால், செவிலியரிடம் கேட்டு, கிருமி நீக்கிய நீரைச் சிரிஞ்சில் எடுத்துச் சில துளிகள் நெற்றியில் ஓடவிட்டால் போதும். குளிர்ந்த நீர் வேண்டாம்; அவ்வளவு சின்ன உடல் அதைத் தாங்காது.

பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகளின் எண்ணம் வேறு. அங்கே குழந்தையை ஜெபித்துப் பிரதிஷ்டை செய்வார்கள். வளர்ந்து, தானே அறிக்கையிட்ட பிறகே முழுக்கு. உறவினர்கள் அந்தச் சபையினராக இருந்தால், அவர்கள் சொல்வது உங்கள் மனைவியைக் குறை கூறுவதாகாது; எந்தக் குழந்தை ஞானஸ்நானத்தைப் பற்றியும் அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

கேள்வி: சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை எண்ணினால் 46 நாள் வருகிறது. தவக்காலம் 40 நாள் என்கிறார்களே? ஈஸ்டர் தேதியும் ஏன் ஓடிக்கொண்டே இருக்கிறது?

பதில்: நடுவில் வரும் 6 ஞாயிறுகளைக் கழித்துப் பாருங்கள், 40 வரும். ஞாயிறு உயிர்த்தெழுதலின் நாள். அது உபவாச நாளாக எண்ணப்படுவதில்லை.

மார்ச் 21-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். பௌர்ணமியே ஞாயிறானால் அதற்கு அடுத்த ஞாயிறு. எனவே மார்ச் 22-க்கு முன்னும் ஏப்ரல் 25-க்குப் பின்னும் வராது. இந்தப் பௌர்ணமி சபையின் அட்டவணைப்படி வருவது. வானத்து நிலவோடு ஒரு நாள் முன்பின் ஆகலாம். ஆர்த்தடாக்ஸ் சபைகள் பெரும்பாலும் பழைய ஜூலியன் நாட்காட்டிக் கணக்கில் போவதால் 2026-இல் நமக்கு ஏப்ரல் 5, அவர்களுக்கு ஏப்ரல் 12. 2028-இல் இருவருக்கும் ஒரே நாள், ஏப்ரல் 16.

கேள்வி: ஒவ்வொரு ஜனவரியும் வேதாகமத்தை ஆதியாகமத்திலிருந்து தொடங்குகிறேன், பிப்ரவரியைத் தாண்டியதில்லை.

பதில்: 66 புத்தகங்களில் 1,189 அதிகாரங்கள். வருடத்தில் முடிக்க நாளுக்கு மூன்றுக்கு மேல் வாசிக்க வேண்டும். அந்த வேகத்தில் ஜனவரி முடிவதற்குள் ஆசரிப்புக்கூடாரத்தின் முழக்கணக்கும் லேவியராகமத்தின் பலி விதிகளும் வந்துவிடும். பெரும்பாலோர் நிற்பது அங்கேதான். அதில் உங்கள் பக்தியைச் சந்தேகப்பட எதுவுமில்லை, திட்டம்தான் கடினம்.

இந்த வருடம் புதிய ஏற்பாட்டை மட்டும் எடுங்கள். அதில் 260 அதிகாரங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒன்று என்றால் 52 வாரத்தில் கச்சிதமாக முடியும். தவறிய நாளுக்கு சனி, ஞாயிறு இருக்கிறது. இரண்டு வாரம் விட்டுப்போனால் துரத்திப் பிடிக்க முயலாதீர்கள். அன்றைய பகுதியிலிருந்தே தொடருங்கள்.

சங்கீதமும் வேண்டுமென்றால், தேதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். 7-ஆம் தேதி என்றால் 7, 37, 67, 97, 127. மாதத்துக்கு 150-உம் முடியும். 29-ஆம் தேதி மட்டும் 176 வசனமுள்ள 119-ஆம் சங்கீதம் வந்து மலைக்க வைக்கும். அதை 31-ஆம் தேதிக்கு ஒதுக்கி வையுங்கள்.