பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் முப்பது வயது

கேள்வி: எனக்கு முப்பது வயது. விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை கிடைத்தது. துறையின் கால்பந்து அணியில் எட்டு வருடமாக லெஃப்ட் விங் ஆடுகிறேன். அகாடமியில் பயிற்சி பெற்ற பையன்கள் வந்ததிலிருந்து, இரண்டு சீசனாக எனக்கு பெஞ்சுதான். போன ஞாயிற்றுக்கிழமை மேட்ச் பார்க்க வந்த என் ஏழு வயது மகள், "அப்பா, நீங்க ஏன் விளையாடலை?" என்று கேட்டுவிட்டாள். அணியிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்துவிடட்டுமா?
– பெயர் வேண்டாம், மதுரை

பதில்: எழுதிக் கொடுக்காதீர்கள், தம்பி. இந்த சீசன் முடியட்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எமெலியோ காலிக்டோங்தான் நினைவுக்கு வந்தார். பிலிப்பைன்ஸ்காரர், ரசிகர்களுக்கு 'சீஃபி'. அவரும் உங்களைப் போல இடது ஓரத்தில் ஆடியவர், விமானப்படையில் வேலை பார்த்துக்கொண்டே ஆடியவர்.

1982-இல் இலோய்லோ மாகாணத்தின் பரோடாக் நுவேவோவில் பிறந்தார். தெருவுக்குத் தெரு கூடைப்பந்து வளையம் தொங்கும் நாட்டில், கால்பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும் ஊர் அது. ஊர் நடுவே இருக்கும் பொதுத்திடலே கால்பந்து மைதானம்தான். 2004 தென்கிழக்காசியக் கோப்பையில் கிழக்குத் தைமூரிடம் தோற்கப்போன ஆட்டத்தை, கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் போட்டுத் திருப்பினார். அப்போது அவருக்கு 22 வயது.

அப்புறம் பிலிப்பைன்ஸ் தேசிய அணியின் முகம் மாறியது. தாய்வழி பிலிப்பைன்ஸ் ரத்தம் உள்ள, இங்கிலாந்தில் வளர்ந்த பையன்கள் வந்தார்கள். ஃபில், ஜேம்ஸ் யங்ஹஸ்பண்ட் சகோதரர்கள் செல்சி அகாடமியில் ஆடிப் பழகியவர்கள். உங்கள் அணியில் இப்போது நடப்பதேதான், இன்னும் பெரிய அளவில். உள்ளூரில் வளர்ந்த பலருக்கு இடம் போனது. சீஃபிக்குப் போகவில்லை. 2010 டிசம்பரில் ஹனோயில் வியட்நாமை 2-0 என்று வீழ்த்தி ஊரையே திரும்பிப் பார்க்க வைத்த அணியில் அவரும் இருந்தார். இரண்டு மாதம் கழித்து பகோலோடில், சொந்த மக்கள் நிரம்பி வழிந்த பனாட் மைதானத்தில், மங்கோலியாவுக்கு எதிராக இடைவேளைக்குச் சற்று முன் முதல் கோலைப் போட்டவர் அவர். ஃபில் போட்டது இரண்டாவது. அதே 2011 ஜூலையில் மணிலாவில் இலங்கையை 4-0 என்று வென்றார்களே, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் பிலிப்பைன்ஸின் முதல் வெற்றி, அதிலும் அவர் கோல் உண்டு. லண்டன் பையன்களோடு அவர் மல்லுக்கு நிற்கவில்லை, சேர்ந்தே ஆடினார்.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இதுவல்ல. 2012 நவம்பர், பாங்காக், தென்கிழக்காசியக் கோப்பை. மறுபடியும் வியட்நாம். ஆட்டம் முடியப்போகிறது, இன்னும் கோல் இல்லை. முப்பது வயது சீஃபி கடைசி நிமிடங்களில் ஒன்று போட்டார், 1-0. அந்தத் தொடரில் அவர்கள் அரையிறுதிக்குப் போனார்கள். முப்பது வயதில், தம்பி! உங்கள் வயதில்.

அதற்கப்புறம் அதிக காலம் அவர் தேசிய அணிச் சட்டையில் ஆடவில்லை. எனக்கு அது இன்றும் வருத்தம்தான். ஆனாலும் ஆட்டத்தை அவர் விடவில்லை, விமானப்படை அணியிலிருந்து கிரீன் ஆர்ச்சர்ஸ் யுனைடெட் கிளப்புக்குப் போய் ஆடினார்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இந்த வாரமே பயிற்சியாளரைத் தனியாகப் பாருங்கள். 'எனக்கு ஏன் இடம் இல்லை' என்று ஆரம்பிக்காதீர்கள். 'கடைசி இருபது நிமிடம் என்னை இறக்கினால் உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று கேளுங்கள். எதிரணியின் ரைட் பேக், அதாவது உங்களைத் தடுக்கும் வலது பக்கத் தடுப்பாட்டக்காரர், கால் சோர்ந்து நிற்கும் நேரத்தில் அனுபவமுள்ள விங்கருக்கு வேலை இருக்கிறது. அவர் சொல்வதற்கேற்ப பயிற்சியை மாற்றிக்கொள்ளுங்கள். நீண்ட ஓட்டத்தைக் குறைத்து, குறுகிய வேக ஓட்டத்தைக் கூட்டுங்கள். தூக்கத்தைக் குறைக்காதீர்கள்.

கூடவே அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் (ஏஐஎஃப்எஃப்) டி லைசென்ஸ் பயிற்சிக்கு எப்போது விண்ணப்பிக்கலாம் என்று விசாரியுங்கள். ஆடிக்கொண்டிருக்கும்போதே பயிற்சியாளராகும் வழியைத் திறந்து வைத்துக்கொள்வது நல்லது. அந்த அகாடமிப் பையன்களில் ஒருவனுக்கு இடது காலால் கிராஸ் போட வரவில்லை என்றால், நீங்களே கூப்பிட்டுச் சொல்லிக் கொடுங்கள்.

மகள் கேட்டாளே, அவளுக்கு மழுப்பலாக ஒன்றும் சொல்ல வேண்டாம். "அப்பா கடைசியில் இறங்குவேன், அதுவரைக்கும் அந்த ரைட் பேக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லி, யார் அந்த ரைட் பேக் என்று கையைக் காட்டுங்கள்.