ட்ராப்சோன்ஸ்போர்: ஊர் பெயரோடு ஒட்டியிருக்கும் ‘ஸ்போர்’ என்றால் என்ன?

ட்ராப்சோன்ஸ்போர் துருக்கியின் ஒரு கால்பந்து கிளப். ‘ஸ்போர்’ என்றால் துருக்கி மொழியில் விளையாட்டு, அவ்வளவுதான். ஊர் பெயரோடு அது சேர்ந்தால் பெரும்பாலும் அது அந்த ஊருக்கே பொதுவான கிளப்.

1960களில் துருக்கி கால்பந்து சம்மேளனம் தொழில்முறை லீக்கை மற்ற ஊர்களுக்கும் விரித்தது. சின்னச் சின்னக் கிளப்புகளாகச் சிதறிக் கிடந்தால் சரிவராது, ஊருக்கு ஒரு வலுவான அணி வேண்டும் என்றது. கருங்கடல் கரையிலுள்ள ட்ராப்சோனில் இது லேசில் நடக்கவில்லை. அந்த ஊர்க் கிளப்புகளான இத்மனோஜாயும் இத்மங்குஜுவும் பரம எதிரிகள். முன்னதற்கு மஞ்சள்-சிவப்பு, பின்னதற்குப் பச்சை-வெள்ளை. கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர் முதலில் என்று இரு வீட்டாரும் முறைத்துக்கொள்வார்களே, அந்தக் கதைதான். கடைசியில் 1967இல் ட்ராப்சோன்ஸ்போராக இணைந்தபோது, இருவருக்கும் சொந்தமில்லாத மெரூன்-நீலத்தை எடுத்துக்கொண்டார்கள்.

அப்புறம் நடந்ததுதான் சுவாரசியம். 1959 முதல் இஸ்தான்புல்லின் மூன்று பெரிய கிளப்புகளே சுற்றிச் சுற்றி வென்ற லீக் பட்டம் 1976இல் ட்ராப்சோனுக்குப் போனது. அதே ஆண்டு ஐரோப்பியக் கோப்பையில் இங்கிலாந்தின் லிவர்பூல் அணியைத் தங்கள் ஊரிலேயே 1-0 என்று சாய்த்தார்கள். மறு ஆட்டத்தில் 0-3 தோல்வி. உள்ளூர்க்காரரான ஷெனோல் குனேஷ்தான் கோல்கீப்பர். 1984க்குள் ஆறு பட்டங்கள். ஏழாவதற்கு 2022 வரை, 38 வருடம் காத்திருப்பு!

இஸ்தான்புல்லுக்கு வெளியே பட்டம் வென்ற ஒரே அணி இதுதான் என்று பலர் எழுதுகிறார்கள். முதல் அணி என்பதே சரி. 2010இல் புர்சாஸ்போரும் வென்றிருக்கிறது.