ஊர் மரபுக் குழுவில் உள்ளூர் வரலாறு பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள், எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி கேட்டவருக்குச் செங்கம் பக்கம் சொந்த ஊர். வரலாறு படித்தவர் இல்லை. ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து மரபுக் குழு ஒன்று தொடங்கியிருக்கிறார்கள், முதல் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேச இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், என்ன பேசுவது என்று கேட்கிறார்.

நானும் திருவண்ணாமலை மாவட்டம்தான். நானும் வரலாறு படித்தவன் இல்லை, வங்கி வேலை. எட்டு வருடமாக நூலகம், பள்ளிக்கூடம், கோயில் மண்டபம் என்று கூப்பிட்ட இடத்தில் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், ஊர் வரலாறு முழுவதையும் பேசாதீர்கள். ஒரே ஒரு கல்லைப் பற்றிப் பேசுங்கள்.

என் முதல் பேச்சில் சிம்மவிஷ்ணுவில் ஆரம்பித்துப் பல்லவர் வம்சாவளி, அப்புறம் சோழர், சம்புவராயர், விஜயநகரம் என்று வரிசையாக ஒப்பித்தேன். இருபது நிமிடத்தில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அந்த அரசர்கள் யாரும் அவர்கள் ஊருக்குள் வரவே இல்லை, நான் வரவைக்கவும் இல்லை.

உங்கள் பக்கத்திலேயே எடுத்தனூர் இருக்கிறது. அங்கே கிடைத்த நடுகல்லை, அதாவது சண்டையில் செத்த வீரனுக்கு நட்ட கல்லை, எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆவது ஆட்சியாண்டில் நட்டது, ஏறக்குறைய 1,400 வருடம் ஆகிறது. கல்லில் அரசன் பெயர் 'மயீந்திர பருமன்' என்று இருக்கும், மகேந்திரவர்மன்தான் அது. பொற்றொக்கையார் என்பவரின் இளமகன் கருந்தேவக்கத்தி, எருமைகளைக் காக்கும் சண்டையில் செத்துப்போனான், அவனுக்கு எடுத்த கல். இதுவரைக்கும் மற்ற நடுகற்களில் இருப்பதுதான். ஆனால் இந்தக் கல்லில் வீரனுக்குப் பின்னால் ஒரு நாயும் நிற்கிறது. அதற்குத் தனியாக எழுத்து வெட்டியிருக்கிறார்கள், பெயரோடு. கோவிவன் என்கிற நாய், கள்ளனைக் கடித்துக் காவலாக நின்றது என்று. இதை எந்த ஊரில் சொன்னாலும் கூட்டம் ஒரு நிமிடம் அப்படியே அமைதியாகிவிடும், பிறகு பின்வரிசையிலிருந்து யாராவது நாயின் பெயரை இன்னொரு தடவை சொல்லச் சொல்வார்கள். அதே மகேந்திரவர்மன்தான் வந்தவாசிப் பக்கம் சீயமங்கலத்தில் பாறையைக் குடைந்து கோயில் எடுத்தவன், அது பாடப்புத்தகத்தில் வந்துவிடும். அவன் காலத்தில் எருமை மேய்ச்சலுக்குப் போன ஒருத்தனும் அவன் நாயும் எப்படி இருந்தார்கள் என்பதை இந்தக் கல்தான் சொல்ல முடியும். அரசனைப் பற்றிச் சொல்ல வேண்டியதை இந்த நாய்க்குப் பிறகு சொல்லுங்கள், கேட்பார்கள்.

அடுத்து மலைபடுகடாம் என்கிற சங்கப் பாட்டு. 583 அடி கொண்ட அந்தப் பாட்டின் தலைவன் நன்னன், செங்கண்மாவில் இருந்தவன், அதுதான் இன்றைய செங்கம். அதில் வருகிற சேயாறு நம் செய்யாறு, நவிரம் நம் பர்வதமலை. கூத்தர்களுக்கு வழி சொல்லும்போது, வழி பிரிகிற இடங்களில் வீரர் பெயர் எழுதி நட்ட கற்கள் நிறைய இருக்கும் என்று அந்தப் பாட்டு சொல்கிறது. அதே செங்கம் வட்டாரத்தில்தான் கூட்டம் கூட்டமாக நடுகற்கள் கிடைத்தன. தொல்லியல் துறை 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்று தனிப் புத்தகமே போட்டது, நாகசாமி பதிப்பித்தது. பாட்டில் இருக்கும் கற்களும் நிலத்தில் இருக்கும் கற்களும் ஒரே கற்கள் என்று சொல்லிவிடாதீர்கள், இடையில் சில நூற்றாண்டு இருக்கிறது. ஆனால் வழக்கம் ஒன்று, ஊரும் ஒன்று. எனக்கு இதைச் சொல்லும்போது இன்னும் தொண்டை அடைக்கும்.

தயாரிப்பு பற்றி. அந்தப் புத்தகத்தில் உங்கள் ஊரைத் தேடும்போது வட ஆர்க்காடு மாவட்டம் என்று பாருங்கள், திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989இல்தான், பழைய அறிக்கைகள் எல்லாம் பழைய பெயரில்தான் இருக்கும். என் நண்பர் ஒருவர் இது தெரியாமல் தங்கள் ஊரில் கல்வெட்டே இல்லை என்று முடிவு செய்துவிட்டார், இருந்தது. அப்புறம் கல்லை நேரில் போய்ப் பாருங்கள், காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்துக்கோ, வெயில் சாய்வாக விழும்போது எழுத்து தானாக எழுந்து வரும். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. இருட்டின பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தாலும் போதும். சாக்பீஸால் எழுத்தின் மேல் கோடு போடாதீர்கள், நாம் தப்பாகப் படித்ததை அடுத்து வருகிறவர் எழுத்து என்றே நம்பிவிடுவார். ஆசிட் ஊற்றிக் கழுவுவது அதைவிட மோசம். பழைய நடுகற்கள் பல வட்டெழுத்து என்கிற பழைய எழுத்து வகையில் இருப்பவை, படிக்க வரவில்லை என்றால் கவலைப்பட வேண்டாம், பதிப்பில் உள்ள வாசகத்தைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கூட்டத்துக்குக் கொடுங்கள், எல்லோரும் சேர்ந்து உரக்கப் படிக்கலாம். 'தொறு' என்றால் மாட்டுமந்தை, 'பட்டான்' என்றால் செத்தான், இந்த இரண்டும் தெரிந்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடப் பாதியைப் புரிந்துகொள்கிறது.

இன்னொன்று, இதை நான் ஒருவரை நோகடித்துத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு ஊரில் ஏரிக்கரையில் இருந்த நடுகல்லின் படத்தைத் திரையில் போட்டு, சண்டையில் செத்தவனுக்கு வைத்த கல் இது, சாமி இல்லை என்று சொன்னேன். ஒரு அம்மா எழுந்து நின்று, "தம்பி, அது எங்க வேடியப்பன். எம் புள்ளைக்கு அங்கதான் மொட்டை போட்டேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நம் பக்கத்தில் நடுகற்கள் வேடியப்பன் என்ற பெயரில் கும்பிடப்படுவதால்தான் இத்தனை கற்கள் மிஞ்சியிருக்கின்றன, இல்லையென்றால் என்றோ துணி துவைக்கும் கல்லாகியிருக்கும். காப்பாற்றியவர்களிடம் போய் அது சாமி இல்லை என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? தொல்காப்பியமே கல்லைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கிப் படையலும் வாழ்த்தும் வரை ஆறு படி சொல்கிறது, கும்பிடுவது அன்றே அதில் சேர்ந்ததுதான். அன்றிலிருந்து நான் 'அது', 'இது' என்று சொல்வதில்லை, வேடியப்பன் என்றே சொல்கிறேன், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் படமெடுக்கிறேன்.

கேள்வி நேரத்தில் கண்டிப்பாக ஒருவர் கேட்பார், அவன் எந்தச் சாதி என்று. எந்த ஊரானாலும் இந்தக் கேள்வி வரும், வந்ததும் மண்டபத்தில் காற்றே மாறும். நான் கல்லில் உள்ளதை மட்டும் திரும்பப் படிப்பேன். கருந்தேவக்கத்தி யாருடைய இளமகன் என்று எழுதியிருக்கிறது, எதற்காகச் செத்தான் என்று எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். நமக்கு வேண்டிய பதிலை 1,400 வருடம் கழித்து அதில் எழுதிச் சேர்க்கக்கூடாது. எங்கள் ஊர் மூவாயிரம் வருடப் பழமை என்று சொல்லச் சொல்கிற பெரிய மனிதர்களுக்கும் இதே பதில்தான், ஆட்சியாண்டு இருந்தால் அதைச் சொல்லுங்கள், இல்லையென்றால் எழுத்தமைதியை, அதாவது எழுத்தின் வடிவத்தை, வைத்துப் பதிப்பில் சொன்ன நூற்றாண்டைச் சொல்லுங்கள், கூட்டிச் சொல்லாதீர்கள். கைதட்டல் குறையும், பரவாயில்லை.

ஒரு மணி நேரம் கேட்டிருந்தாலும் நாற்பது நிமிடத்தில் முடியுங்கள், மீதியை ஊர்க்காரர்களுக்கு விடுங்கள். அதுதான் கூட்டத்தின் முக்கியமான பகுதி, இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. போன தை மாதம் ஒரு பள்ளிக்கூடத்தில் பேசி முடித்ததும் எழுபது வயசு இருக்கும் ஒரு பெரியவர், எங்கள் ஏரி மதகுப் படியில் இந்த மாதிரி ஒரு கல் கிடக்கிறது, வில்லோடு ஒரு ஆள் இருப்பான், சின்ன வயசில் அவன் மேல்தான் உட்கார்ந்து மீன் பிடிப்போம் என்றார். அடுத்த ஞாயிறு நாலு பேர் அவரையே கூட்டிக்கொண்டு போனோம். பாசியை வெறுங்கையால் துடைத்தார். வில் இருந்தது, கொண்டை இருந்தது, எழுத்து ஒன்றும் இல்லை. படமெடுத்து, இடத்தைக் குறித்து, கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுத்தோம். பெரியவர் கிளம்பும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார், "இவ்ளோ நாள் மிதிச்சிட்டேனே" என்று ஒரு தடவைதான் சொன்னார்.