பெஞ்சில் இருந்தவர் கோப்பை வாங்கிக் கொடுத்த சீசன்

கேள்வி: அமெரிக்கக் கால்பந்தில் பிலடெல்பியா ஈகிள்ஸ் 2017 சீசனில் ஜெயித்ததை இன்னமும் கொண்டாடுகிறார்களே, அப்படி என்ன விசேஷம்?

பதில்: முதலில் காத்திருப்பு. அந்த ஊருக்குக் கடைசியாகப் பட்டம் வந்தது 1960-ல், அப்போது சூப்பர் பௌல் என்ற இறுதி ஆட்டமே கிடையாது. அப்புறம் இரண்டு முறை சூப்பர் பௌல் வரை போய்த் தோற்றார்கள், அதில் ஒன்று 2005-ல் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸிடம், மூன்றே புள்ளி வித்தியாசத்தில். 2017-ல் முதல் 12 ஆட்டத்தில் 10 வெற்றி என்று அமர்க்களமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், டிசம்பர் 10 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸுக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. அந்தக் காலோடு நின்று ஒரு டச் டவுன் பாஸும் (கோல் கோட்டுக்குள் சகா பிடித்தால் 6 புள்ளி) எறிந்துவிட்டுத்தான் மனிதர் வெளியே போனார். 33 டச் டவுன் பாஸ் எறிந்தவர் இல்லாமல் இந்த அணி தேறாது என்றுதான் ஊரே நினைத்தது.

கேள்வி: அவருக்குப் பதிலாக வந்த நிக் ஃபோல்ஸ் யார்?

பதில்: புது ஆள் இல்லை. 2013-ல் இதே அணிக்காக 27 டச் டவுன், எதிரணி கையில் சிக்கிய பாஸ், அதாவது இன்டர்செப்ஷன், வெறும் 2 என்று கலக்கியவர். பிறகு வேறு அணிக்குப் போய், அங்கிருந்து கழற்றிவிடப்பட்டு, 2016-ல் ஆட்டமே வேண்டாம் என்று ஒதுங்கப் பார்த்தவர். ப்ளே ஆஃப் என்ற நாக் அவுட் சுற்றில் அட்லான்டாவை 15-10 என்று தட்டுத்தடுமாறி ஜெயித்தார்கள், அடுத்து மினசோட்டாவை 38-7. முதலிடத்தில் முடித்த அணி, அதுவும் சொந்த மைதானம், ஆனாலும் பந்தயக்காரர்கள் எதிரணி மேல்தான் பணம் வைத்தார்கள். தோற்பார்கள் என்று நினைக்கும் அணியை ஆங்கிலத்தில் 'அண்டர்டாக்' என்பார்கள், அந்தக் கடுப்பில்தான் ஈகிள்ஸ் வீரர்கள் லேன் ஜான்சனும் கிறிஸ் லாங்கும் அட்லான்டாவை ஜெயித்த கையோடு நாய் முகமூடி மாட்டிக்கொண்டு மைதானத்தில் நின்றார்கள். ரசிகர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

கேள்வி: 'பில்லி ஸ்பெஷல்' என்கிறார்களே, என்ன அது?

பதில்: பில்லி என்றால் பிலடெல்பியாவின் செல்லப் பெயர். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எனக்குப் பிடித்த இடம். 2018 பிப்ரவரி 4, மினியாபொலிஸ், சூப்பர் பௌல், எதிரே அதே பேட்ரியட்ஸ். முதல் பாதி முடிய 38 விநாடி, ஈகிள்ஸ் 15-12 முன்னிலை, நான்காவது டவுன், அதாவது கடைசி முயற்சி, கோல் கோட்டுக்கு ஒரே யார்டு. எல்லாப் பயிற்சியாளர்களும் என்ன செய்வார்கள்? பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து, அதாவது ஃபீல்டு கோல் அடித்து, 3 புள்ளியை வாங்கிக்கொண்டு உள்ளே போவார்கள். ஈகிள்ஸ் பயிற்சியாளர் டக் பீடர்சன் போகவில்லை. எல்லைக் கோட்டுக்கு வந்த ஃபோல்ஸ் 'பில்லி ஸ்பெஷல்' என்ற தந்திர ஆட்டத்தைப் போடலாமா என்று கேட்கிறார், பயிற்சியாளர் ஒரு கணம் யோசித்துவிட்டு சரி என்கிறார். ஃபோல்ஸ் சகாக்களிடம் ஏதோ சொல்வதுபோல் வலது பக்கம் நகர, பந்து நேராக சக வீரர் கோரி கிளெமென்ட் கைக்குப் போகிறது, அவர் எதிர்ப்பக்கமாக ஓடிவரும் ட்ரே பர்ட்டனுக்குத் தள்ளிவிடுகிறார், பள்ளியில் குவார்ட்டர்பேக்காக இருந்த பர்ட்டன் அதைக் கோட்டுக்குள் தனியாக நிற்கும் ஃபோல்ஸுக்கு எறிகிறார். டச் டவுன்! வேடிக்கை என்னவென்றால், கொஞ்ச நேரம் முன்பு பேட்ரியட்ஸும் இதே மாதிரி தங்கள் குவார்ட்டர்பேக் டாம் பிரேடிக்கு ஒரு பாஸ் எறிந்து பார்த்தார்கள், பிரேடி கையிலிருந்து பந்து நழுவிவிட்டது.

கேள்வி: எல்லாம் அதிர்ஷ்டம்தானே சார்?

பதில்: இல்லவே இல்லை. பிரேடி அன்று 505 யார்டு எறிந்தார், பேட்ரியட்ஸ் ஒரு தடவைகூட பன்ட் அடிக்கவில்லை (முன்னேற முடியாமல் பந்தை எதிரணிக்கு உதைத்துவிடுவது), தடுப்பாட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லாத ஆட்டம். அப்படிப்பட்ட ஆட்டத்தில், கடைசி இரண்டு நிமிடத்துச் சொச்சத்தில், 38-33 என்று நிற்கும்போது ஈகிள்ஸ் தடுப்பாட்டக்காரர் பிராண்டன் கிரஹாம் பிரேடி கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டார். ஆட்டம் முழுக்க பிரேடியைச் சாய்த்தது அந்த ஒரு தடவைதான். பிறகு ஜேக் எலியட் 46 யார்டு ஃபீல்டு கோல், 41-33. இந்த எலியட்டே முதல் கிக்கருக்கு அடிபட்டதால் செப்டம்பரில் உள்ளே வந்த புதுப் பையன், வந்த மாதமே நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு எதிராக 61 யார்டிலிருந்து அடித்து ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தவன். வென்ட்ஸ் மட்டுமா, அணியின் அனுபவசாலி ஜேசன் பீட்டர்ஸும் பாதி சீசனில் காயத்தோடு போய்விட்டார். ஒவ்வொரு இடத்திலும் இரண்டாவது ஆளைத் தேறும்படி வைத்திருந்தார்கள், அதற்குப் பெயர் அதிர்ஷ்டமா?

கேள்வி: ஜெயித்தால் ரசிகர்கள் விளக்குக் கம்பத்தில் ஏறுவார்களாமே?

பதில்: ஆமாம். மினசோட்டா ஆட்டத்துக்கு முன்பே போலீஸ் கம்பங்களில் சமையல் கொழுப்பைத் தடவி வைத்தது. அப்படியும் ஏறினார்கள்.