மீன்தொட்டியின் மின்செலவு

கேள்வி: வீட்டு மீன்தொட்டிக்கு மாதம் எத்தனை யூனிட் மின்சாரம் செலவாகும் என்பதை எப்படிக் கணக்கிடுவது?

பதில்: கருவியின் வாட் அளவை, அது நாளொன்றுக்கு ஓடும் மணி நேரத்தால் பெருக்கி 1,000ஆல் வகுத்தால் ஒரு நாளைய யூனிட் கிடைக்கும். இரவு பகலாக ஓடும் 10 வாட் ஃபில்டர் 30 நாள்களில் 7.2 யூனிட்டும், தினமும் 8 மணி நேரம் எரியும் 20 வாட் விளக்கு 4.8 யூனிட்டும் எடுக்கும். சிக்கல் ஹீட்டரில்தான்: 100 வாட் என்று எழுதியிருந்தாலும், தண்ணீர் உரிய வெப்பத்தை எட்டியதும் தெர்மோஸ்டாட் அதை அணைத்துவிடுவதால், 24 மணி நேரத்துக்கும் பெருக்குவது தவறாகும். பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் இடையே செருகும் மின் அளவியைச் சில நாள்கள் பொருத்திப் பாருங்கள். உண்மையான செலவு தெரியும். தொட்டியை மூடி வைத்தால் ஹீட்டர் ஓடும் நேரம் குறையும். சிக்கனம் கருதி ஃபில்டரை மட்டும் இரவில் நிறுத்திவிடாதீர்கள். அதில் வாழும் நல்ல பாக்டீரியாக்கள் ஆக்சிஜன் இன்றி மடியத் தொடங்கும், அது மீன்களுக்கே ஆபத்து.