புளியோதரையோடு விமானம் ஏறலாமா?

கேள்வி: அடுத்த மாதம் அப்பா, அம்மாவை முதல்முறையாகச் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு அழைத்துப் போகிறேன். விமானச் சாப்பாடு வாயில் வைக்க விளங்காது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். புளியோதரை, தயிர்சாதம், ஆவக்காய், சுண்டல் என்று அம்மா பட்டியல் போட்டாயிற்று. அங்கே போய்ச் சமைக்கக் கொப்பரையும் கசகசாவும் வேறு. எதையெல்லாம் விடுவார்கள்? விமானச் சாப்பாடு நிஜமாகவே அவ்வளவு மோசமா?

பதில்: முதலில் அந்தக் கசகசாவை எடுத்து வீட்டு அலமாரியில் வையுங்கள். குருமாவுக்கு அரைக்கிற சாது விதைதான், ஆனால் அபினிச் செடியின் விதை. சிங்கப்பூரிலும் துபாயிலும் அது தடை செய்யப்பட்ட பொருள். "குருமாவுக்குங்க" என்று அம்மா சொல்வது அங்கே எடுபடாது. சூயிங்கம் இருந்தாலும் எடுத்துவிடுங்கள். 1992 முதல் சிங்கப்பூரில் அதற்கும் தடை.

கொப்பரையும் வேண்டாம். கைப்பையிலும் வேண்டாம், பெட்டியிலும் வேண்டாம். எண்ணெய் நிறைந்த பொருள் என்பதால் அடைத்துவைத்தால் தானாகவே சூடேறும் தன்மை அதற்கு உண்டு. விமானச் சரக்கு விதிகளில் அது 4.2 என்ற ஆபத்தான வகுப்பில், தானே தீப்பிடிக்கக்கூடியவற்றோடு உட்கார்ந்திருக்கிறது. தேங்காய் சிங்கப்பூர் தேக்கா சந்தையில் தாராளமாகக் கிடைக்கும்.

ஊறுகாய் பெட்டிக்குள் போகட்டும். திரவம் கலந்து விமானத்தைத் தகர்க்கும் சதி ஒன்று 2006இல் லண்டனில் பிடிபட்டது. 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற விதி அதற்குப் பிறகுதான் வந்தது. பாதுகாப்புச் சோதனையில் ஆவக்காய் எண்ணெயும் நெய்யும் தயிரும் அந்தக் கணக்கில்தான் வரும். புளியோதரைக்குப் பிரச்சினை இல்லை. தயிர்சாதத்தைக் கட்டியாகப் பிசைந்தால் பெரும்பாலும் போய்விடும். தளரப் பிசைந்தால் சோதிக்கும் அதிகாரியின் மனசு. ஊறுகாய் பாட்டிலை விளிம்புவரை நிரப்ப வேண்டாம். மேலே போகப் போக அழுத்தம் குறைந்து உள்ளேயிருக்கும் காற்று விரியும், எண்ணெய் மூடியைத் தாண்டி வரும், பட்டுப்புடவை பாழாகும்.

சரி, ருசி விஷயத்துக்கு வருவோம். விமானச் சாப்பாட்டைப் பழிப்பவர்கள் பாதிதான் சரி. விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். அதாவது ஊட்டியில் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி, ஆனால் ஊட்டியின் ஈரம் துளியும் இல்லாமல். காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். மூக்கு வறண்டால் வாசனை தெரியாது. வாசனை போனால் ருசியில் பெரும்பகுதி போச்சு.

ஜெர்மனியின் பிரான்ஹோபர் ஆய்வுக்கூடத்தில் பழைய ஏர்பஸ் விமானத்தின் ஒரு துண்டை அழுத்தம் குறைக்கும் குழாய்க்குள் வைத்து, அதில் ஆட்களை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டுப் பார்த்தார்கள். உப்பின் ருசி 20 முதல் 30 சதவீதமும், இனிப்பு 15 முதல் 20 சதவீதமும் மங்கிப்போனது. இந்த ஆராய்ச்சிக்குத் தூண்டுகோல் தக்காளி ஜூஸ். தரையில் சீண்டாதவர்கள்கூட மேலே போனதும் அதைக் கேட்டு வாங்குகிறார்களே, ஏன் என்று ஜெர்மன் விமான நிறுவனமான லுஃப்தான்சாவுக்குக் குழப்பம். தக்காளியில் இருக்கும் உமாமி ருசி (இனிப்பு, உப்பு, புளிப்பு, கசப்புக்கு அடுத்து ஐந்தாவதாகச் சொல்லப்படுவது) உயரத்தில் மங்குவதில்லை என்பதுதான் விடை. இதில் எஞ்சின் இரைச்சலுக்கும் பங்கு உண்டு. சுமார் 85 டெசிபல் சத்தத்தில் இனிப்பு குறைவாகவும் உமாமி தூக்கலாகவும் தெரிகிறது என்று 2015இல் கார்னெல் பல்கலைக்கழகத்தார் சொன்னார்கள்.

போதாததற்கு, அந்தச் சாப்பாடு தரையில் சமைத்து, வேகமாகக் குளிரவைத்து, மேலே மறுபடி சூடாக்கப்படுவது. அங்கே தாளிக்க அடுப்பு கிடையாது. செலவுக் கணக்கும் உண்டு: 1980களில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் ராபர்ட் கிராண்டால் சாலட்டிலிருந்து ஒரே ஒரு ஆலிவ் காயை எடுத்துவிட்டு வருஷத்துக்கு 40,000 டாலர் மிச்சம் பிடித்தார் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லும் கதை.

என் அபிப்பிராயம், உங்கள் அம்மாவின் தேர்வு பிரமாதம். புளி, காரம், பெருங்காயம், நல்லெண்ணெய் என்று எல்லாமே தூக்கலாக இருக்கும் புளியோதரை மேலே போனாலும் அடங்காது. உப்பை மட்டும் ஒரு சிட்டிகை கூட்டலாம். புளிப்பு இருப்பதால் எளிதில் கெடவும் கெடாது.

கெட்டுப்போவது பற்றிச் சொன்னால் 1975 பிப்ரவரி சம்பவத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. டோக்கியோவிலிருந்து அலாஸ்கா வழியாக ஐரோப்பா போன ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தில் காலைச் சிற்றுண்டியாகப் பன்றி இறைச்சி ஆம்லெட். சமைத்தவர் ஒருவரின் விரலில் சீழ் வைத்த புண். அதிலிருந்து கிருமி ஒட்டிய உணவு, போதிய குளிர்ச்சி இல்லாமல் மணிக்கணக்கில் கிடந்தது. கோபன்ஹேகனில் இறங்குவதற்குள் வாந்தியும் பேதியும் ஆரம்பம்; சுமார் 200 பேர் விழுந்தார்கள், 140க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில். விமானி தப்பித்தது எப்படி தெரியுமா? அலாஸ்காவில் பொறுப்பேற்ற அந்தக் குழுவுக்கு உடம்புக் கடிகாரப்படி அது இரவு உணவு வேளை. ஆம்லெட்டை விட்டு ஸ்டேக் சாப்பிட்டார்கள். இரண்டு விமானிகளும் ஒரே உணவைச் சாப்பிடக் கூடாது என்ற வழக்கம் பல நிறுவனங்களில் இருப்பது இந்த மாதிரி பயத்தால்தான்.

ஆகவே தயிர்சாதத்தைக் கிளம்புகிற அன்று பிசையச் சொல்லி, ஏறியதும் அதை முதலில் காலி செய்யுங்கள். தேங்காய்ச் சட்னி கட்டவே வேண்டாம். அப்புறம், டிக்கெட்டில் உணவு உண்டென்றால் ஒரு நாளாவது முன்னதாக 'ஆசிய சைவ உணவு' என்று பதிந்துவிடுங்கள். சிறப்பு உணவுத் தட்டுகள் பெரும்பாலும் மற்றவர்களுக்கு முன்பே வந்துவிடும். அப்பாவுக்கு அது பிடிக்கும்.

மிச்சம் இருப்பது சுண்டல். பாட்டில் காற்று விரிவதுபோல வயிற்றுக் காற்றும் மூன்றில் ஒரு பங்கு விரியும். இதற்கு மருத்துவத்தில் பெயர்கூட வைத்திருக்கிறார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர் ஜேக்கப் ரோசன்பெர்க் 2013இல் நியூசிலாந்து மருத்துவ இதழில் கட்டுரையே எழுதினார். அடக்கினால் உடம்புக்கு ஆகாது, இருக்கைகளில் கரித்தூள் வைத்தால் வாடை அடங்கும் என்பது அவர் கட்சி. உங்கள் சீட்டில் கரித்தூள் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சுண்டலைச் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.