ஹோபார்ட் துறைமுகம் கடலுக்குள் போனது ஏன்?

கேள்வி: பிரெஞ்சு மாலுமி டூமோன் துர்வில் 1837–1840இல் நடத்திய தென்கடல் பயணத்தைப் பிரெஞ்சு மூலத்தைப் பார்த்து இணைய வரைபடத்தில் குறித்துவருகிறேன். ஹோபார்ட் துறைமுகமே டாஸ்மேனியாவுக்கு மேற்கே கடலில் விழுகிறது. தேதிகளும் புத்தகத்துக்குப் புத்தகம் ஒரு நாள் மாறுகின்றன. எதை நம்புவது?

பதில்: மூலத்தையே நம்புங்கள். அவர்கள் எங்கிருந்து எண்ணினார்கள் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும்.

அன்றைய பிரெஞ்சுக் கடற்படைக்குப் பூஜ்ஜியக் கோடு கிரீனிச் அல்ல, பாரிஸ். அது கிரீனிச்சுக்குக் கிழக்கே 2°20′14″ தள்ளி இருக்கிறது. ஆகவே கிழக்குத் தீர்க்கரேகை என்றால் அவ்வளவையும் கூட்டுங்கள். மேற்கு என்றால் கழியுங்கள். ஹோபார்ட் பாரிஸ் கணக்கில் சுமார் 145° கிழக்கு. கூட்டினால் 147°20′ வந்து ஊர் கரையேறிவிடும். அந்த அட்சரேகையில் பிசகு 190 கிலோமீட்டர். அண்டார்டிகாவின் அடேலி நிலம் இருக்கும் 66° தெற்கில் ஏறக்குறைய 105தான், ஏனென்றால் துருவத்தை நெருங்க நெருங்கத் தீர்க்கரேகைகள் நெருங்கிவிடும். பிஜி பக்கம் கொஞ்சம் உஷார். பாரிஸ் கணக்கில் 179° கிழக்கு என்பதோடு கூட்டினால் 180ஐத் தாண்டிவிடும். அது கிரீனிச்சுக்கு 178°40′ மேற்கு.

அப்புறம் தேதி. பயணத்தின் அஸ்ட்ரோலாப், ஸெலே இரண்டு கப்பல்களும் பிரான்ஸின் தூலோனிலிருந்து மேற்காகவே போய், தென் அமெரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் பசிபிக்கில் நுழைந்தன. தேதி மாறும் 180° கோட்டைத் தாண்டியபோது ஒரு நாளைக் கூட்டிக்கொள்ளவில்லை. அடேலி நிலத்தருகே ஒரு பாறையில் இறங்கி, பென்குயின்களை விரட்டிவிட்டுக் கொடி நட்டு, போர்தோ ஒயினும் குடித்த நாள் கப்பல் பதிவில் 1840 ஜனவரி 21. நம் கணக்கில் 22. உங்கள் இரண்டு புத்தகங்களும் சரிதான்!

இதற்கு நல்ல சாட்சி அமெரிக்கர்கள். அதே மாதக் கடைசியில் அண்டார்டிகா பக்கம் வந்திருந்த அமெரிக்கக் கடற்படை அதிகாரி வில்க்ஸின் பயணக் குழுவைச் சேர்ந்த பார்பஸ் கப்பல் மூடுபனிக்குள் இவர்களைச் சந்தித்தது. பிரெஞ்சுக்காரர்கள் கூடவே ஓடுவதற்காகக் கூடுதல் பாய் விரித்தார்கள். தப்பி ஓடுகிறார்கள் என்று நினைத்து அமெரிக்கர்கள் விலகிவிட்டார்கள். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அந்தச் சந்திப்பு பிரெஞ்சுப் பதிவில் ஜனவரி 29, அமெரிக்கப் பதிவில் 30. யார் முதலில் நிலத்தைக் கண்டது என்ற பழைய சண்டையில் இந்த ஒரு நாளை மறந்துவிட்டுப் பேசுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஒரு நாள் கூட்டுவதை 1838 அக்டோபரில் பிஜி வந்த பிறகான தேதிகளுக்கு மட்டும் செய்யுங்கள். தூலோனிலிருந்து கிளம்பிய 1837 செப்டம்பர் 7இல் கை வைக்க வேண்டாம். தூரம் ‘லியூ’ என்ற பழைய பிரெஞ்சு அளவில் இருந்தால் கடல் லியூ ஒன்றுக்கு 5.556 கிலோமீட்டர் போடுங்கள். மூலத்தில் உள்ள எண்ணை அழிக்காமல், திருத்தியதைப் பக்கத்தில் தனிப் பத்தியில் எழுதிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இரண்டு மாதம் கழித்து எதைக் கூட்டினோம், எதைக் கூட்டவில்லை என்று நீங்களே குழம்பிப்போவீர்கள்.